நாலு தட்டுத் தூக்கம்

சால்வையைப் போர்த்தியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அது இப்போது கழுத்தில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. கழற்றி மடியில் வைத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வில்பிரட் ஐந்து நிமிஷமாக அதையே யோசித்தார். எழுபத்தொரு வயதில் மனுஷனுக்கு யோசிக்க வேறு விஷயமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை யோசிக்கக் கூடாது என்றுதான் சால்வையை யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேற்கு மாம்பலத்தில் ஒரு வாசகசாலையின் மாடி, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததில் வலது முழங்கால் தன் பாட்டுக்கு விண் விண்ணென்று தெறித்தது. மேபல் வரவில்லை. ‘கல்யாணம் ஆன நாளா ரேடியோவுல காதை வெச்சுப் பாத்துட்டேன், உங்க சத்தம் ஒருநாளும் கேட்டதில்ல, இன்னிக்கு மட்டும் என்னத்த கேக்கப்போவுது’ என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. பேஸ் கிதார் என்பது பாட்டுக்கு அஸ்திவாரம், தரைக்குக் கீழேயே இருக்கும். வீட்டிலிருந்த கையகல டிரான்ஸிஸ்டருக்கு அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி எடுத்துவர வக்கில்லை. பாடுகிறவர் குரல் கேட்கும், வயலின் கேட்கும், தபலா கேட்கும், வில்பிரட் ஞானமுத்துவின் சத்தம் மட்டும் கேட்காது. இருபத்தாறு வருஷம் கோடம்பாக்கத்தில் காலையில் ஒரு ரெக்கார்டிங், மத்தியானம் ஒரு ரெக்கார்டிங் என்று வாசித்தவர், எத்தனை ஆயிரம் பாட்டு என்று அவருக்கே தெரியாது, ஒன்றிலும் பேர் போட்டதில்லை. இப்போது ஜனங்கள் காதுக்குள்ளேயே செருகிக்கொண்டு கேட்கிறார்களாம், கீழே கிடந்ததெல்லாம் மேலே வந்துவிட்டதாம். அப்படி வந்ததில் அகப்பட்டுக்கொண்டவர்தான் அவர்.

அகப்படுத்தியவன் நவநீதன். நாற்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படி ஆள் சேர்த்துப் பாட்டுக் கேட்பது அவனுக்கு ஒரு பைத்தியம். வாசலிலேயே ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டான்: வில்பிரட் ஞானமுத்துவின் ஆகச் சிறந்த பத்து வாசிப்புகள், பத்தாவதில் தொடங்கி முதலாவது வரை. வில்பிரட் தாளின் கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தார். படகுப் பாட்டு. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டார். அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பார். முப்பத்தொன்பது வருஷம் சமாளித்தவருக்கு இன்னும் ஒரு மத்தியானம் பெரிய காரியமா. ஆனால் மாடிப்படியில் ஒரு பெண்பிள்ளை, ஐம்பதைத் தொடுகிற வயசு, வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

‘என்னைத் தெரியுதா அங்கிள்? ஹெப்சிபா. செல்லோ பாக்கியநாதன் பொண்ணு.’

தெரியாமல் என்ன. பெரிய வயலின் மாதிரி இருக்கிற அந்தச் செல்லோவைக் காலுக்கு நடுவில் நிறுத்தி வாசித்த பாக்கியநாதன் அண்ணனை மறக்க முடியுமா. அதே நெற்றி, அதே தயங்கின சிரிப்பு. ‘நல்லா இருக்கியாம்மா’ என்று கேட்டார்.

‘நவநீதன் சார் எங்கியோ விசாரிச்சு போன் பண்ணாரு. படகுப் பாட்டுல உங்கப்பாதானே செல்லோ, வாங்கன்னாரு. வரலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசனை. நான் அந்தப் பாட்டை முழுசாக் கேட்டதே இல்ல அங்கிள். எங்க போட்டாலும் அப்பா எழுந்து போய் நிறுத்திடுவாரு. பக்கத்து வீட்ல போட்டா ஜன்னலைச் சாத்திடுவாரு. அதுலதானே அவரு தப்பு பண்ணது. நீங்க அன்னிக்கு இருந்தீங்களே.’

‘ம். இருந்தேன்.’

‘அந்த எடம் வரும்போது எனக்குக் காட்டுங்க. எனக்கு சங்கீதம்லாம் ஒண்ணும் தெரியாது. எங்க தப்பு பண்ணாருன்னு ஒரு தரம் கேட்டுட்டாப் போதும். அவரு செத்து இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குக் கை தானா ஜன்னல்கிட்ட போவுது.’

இப்போது அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பத்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரிலிருந்து தன் சத்தம் வந்து நெஞ்செலும்பில் முட்டியதும் வில்பிரட்டுக்கு ஒரு வினாடி யாரோ வேறு ஆள் வாசிப்பதாகத்தான் தோன்றியது. யாரடா இவன், இவ்வளவு தெம்பாக இருக்கிறான். விறுவிறுவென்று ஓடுகிற கிளப் டான்ஸ் பாட்டு, டிரம்ஸ் அடிக்கிறவன் ஓடுகிற ஓட்டத்துக்குப் பேஸும் ஓடாமல் ஒரு மயிரிழை பின்னால், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வருகிறவன் மாதிரி சாவகாசமாக வருகிறது. நவநீதன் அதைத்தான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான், இது எங்கிருந்து வந்தது, அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் சங்கீதத்திலிருந்து வந்தது என்று. சரியாகத்தான் சொல்கிறான் பாவம். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா மகன் கப்பல்காரர்களிடமிருந்து வாங்கிவந்த எல்.பி. ரிக்கார்டுகள், பெரம்பூரில் ரயில்வேக்காரர்கள் ஆடுகிற டான்ஸ் ஹால், சனிக்கிழமை ராத்திரி முழுக்க அதே நாலு ரிக்கார்டு. பாட்டெல்லாம் காதல் பாட்டு, ஆனால் அடியில் ஒருத்தன் தரையைப் பெருக்குகிறவன் மாதிரி குனிந்தே வாசித்துக்கொண்டிருப்பான். அவன் பேர் என்ன என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பாடினவன் பேர் இருந்தது, போட்டோ பிடித்தவன் பேர்கூட இருந்தது, அவன் பேர் இல்லை. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், இது எந்த மாதிரி உத்தியோகம் என்று. பேர் இல்லாமல் இருப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. நன்றாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, நன்றாக வாசிக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது. அந்தச் சௌகரியத்தில்தான் அவர் விழுந்தார்.

ஒன்பதாவதும் எட்டாவதும் ஏழாவதும் போய்விட்டன, அவர் கேட்கவே இல்லை. கைதட்டினார்கள், அவர் தலையை ஆட்டினார். ஆறாவது வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்தார், ஏனென்றால் அது ஸ்பாஞ்ச் பாட்டு. கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கக் கூடாது, டப் டப்பென்று மூடின சத்தமாக வரவேண்டும் என்று கேட்டார்கள். அவர் வீட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்துப்போய்க் கம்பிக்கு அடியில் செருகிவிட்டார். சாயங்காலம் மேபல் சாமான் துலக்க ஸ்பாஞ்சைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் கிதார் பெட்டியிலிருந்து எடுத்தபோது அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. ஹாலில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஆஹா என்றார். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுக்குத்தான் அந்த ஆஹா என்று எழுந்து சொல்லலாம் போல இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் மனசு லேசாகும், லேசானால் அடுத்ததையும் சொல்லிவிடலாம். அடுத்தது என்றால் எது. அதுதான். மனசு அங்கேயேதான் போய் நிற்கிறது, கட்டின மாடு மாதிரி, எவ்வளவு தூரம் ஓடினாலும் கயிறு அந்த முளையில்தான்.

‘அங்கிள், டீ ஆறிடுச்சே’ என்றாள் ஹெப்சிபா.

‘பரவால்லம்மா. சுகர்.’

‘அப்பாவுக்கும் சுகர்தான். அதனாலதான் வெரல் மரத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டிருப்பாரு.’ பிறகு லேசாகச் சிரித்தாள். ‘வீட்ல எது நடந்தாலும் கையைத் தூக்குவாரு தெரியுமா. பால் பொங்கிடுச்சுன்னா, அம்மா அடுப்பங்கரையிலருந்து யாரு பாக்காம விட்டதும்பாங்க, இவரு கூடத்துல உக்காந்துகிட்டே கையைத் தூக்குவாரு. நாங்கல்லாம் சிரிப்போம்.’

அவரும் சிரித்துவைத்தார். வாத்தியக்காரன் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் அறுபது பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், பாடுகிறவரும் அப்போதே பாடுவார். ஒருத்தன் சறுக்கினால் மொத்தமும் முதலிலிருந்து. சறுக்கினது யார் என்று, எதிரே நின்று கையசைத்து வாசிக்க வைக்கிற கண்டக்டர் தேடிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதால் ஒரு வழக்கம்: சிவப்பு விளக்கு அணைகிறவரைக்கும் மூச்சு விடக்கூடாது, அணைந்ததும் தப்பு பண்ணினவன் தானே கையைத் தூக்கிவிட வேண்டும். என்னுது சார். அவ்வளவுதான். யாரும் திட்டமாட்டார்கள், முகம்கூடச் சுளிக்கமாட்டார்கள். கண்டக்டர் பார்த்து, சரி, என்று தலையசைக்கிறவரைக்கும் கை மேலேயே இருக்கும், அப்புறம் இறக்கிக்கொள்ளலாம். பெரிய பெரிய வித்வான்களெல்லாம் தூக்கியிருக்கிறார்கள். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் பண்ணுவதைவிட அது சுலபம், ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு, தீர்ந்தது. ஆனால் ஒரே நாளில் மூன்று தரம் தூக்கினவனை அடுத்த வாரம் கூப்பிடமாட்டார்கள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

படகுப் பாட்டு எடுத்த அன்றைக்கு அவர் காலையிலேயே இரண்டு தரம் தூக்கியிருந்தார். முதல் நாள் ராத்திரி ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்துவிட்டு விடியற்காலையில் படுத்தவர், வயிற்றுப் பிள்ளையோடு மேபல் எழுப்பி, பஸ் பிடித்து ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு படகுப் பாட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு, மத்தியானம் மூணு மணிக்கு, ஏ.சி. ஹாலில், மெதுவான பாட்டு, ஒரு பாருக்கு ஒரே ஒரு சுரம், ஒரு பார் என்றால் நாலு தட்டு, அந்த நாலு தட்டுக்கும் விரலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதைவிட உறங்குவதற்குத் தோதான இடம் ஆண்டவர் படைக்கவில்லை. இரண்டாவது சரணம் தொடங்குகிற இடத்தில் எல்லோரும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வில்பிரட் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிட்டார். சாய்ந்துவிழவில்லை, கை தவறவில்லை, விரல் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது, ஆனால் பழைய இடத்திலேயே. விழித்தபோது ஒரு பார் போயிருந்தது. சட்டென்று இறங்கிக்கொண்டார். முதுகுத்தண்டில் வேர்வை ஓடியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பாட்டு முடிந்தது, விளக்கு அணைந்தது. கண்டக்டர் பட்டாபி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ‘கீழ யாரோ நகரல. யாரு?’ என்று கேட்டார். கீழே, தாழ்ந்த சுரத்தில் வாசிக்கிறவர்கள் என்றால் இரண்டே பேர். பேஸ், செல்லோ. தூக்குகிறேன், இதோ தூக்குகிறேன் என்றுதான் வில்பிரட் நினைத்தார், சத்தியமாக நினைத்தார், காலையில் இரண்டு, இது மூன்று, மேபலுக்கு ஏழாம் மாசம், இதோ தூக்குகிறேன். அதற்குள் பாக்கியநாதன் அண்ணனின் கை மேலே போய்விட்டது.

‘சாரி சார். என்னுதுதான்னு நெனைக்கிறேன்.’

நெனைக்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் முப்பத்தொன்பது வருஷமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறது. அந்த மாசத்தில் சுருதி சேரவில்லை என்று அண்ணனுக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார்கள், விரல் நுனி மரத்துப்போகிறது என்று அவரே பயந்துகொண்டிருந்தார், கீழே யாரோ நகரவில்லை என்றதும் தன் விரல்தான் நகரவில்லை என்று நம்பிவிட்டார். நகர்ந்தது அண்ணே, நன்றாக நகர்ந்தது, எனக்குத் தெரியும். மறுபடி எடுக்கலாம் என்று பட்டாபி சொல்ல, உள்ளேயிருந்து மியூசிக் டைரக்டர், வேண்டாம், பாடின அம்மா இதுக்குமேல பாடமாட்டாங்க, பிளேனுக்கு நேரமாச்சு, இதுவே இருக்கட்டும், யாருக்குக் கேட்கப்போவுது, என்றுவிட்டார். எல்லோரும் எழுந்து வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார்கள். பட்டாபி மறந்துவிட்டார், சரி என்று தலையசைக்கவில்லை. அண்ணனின் கை அப்படியே மேலே இருந்தது. வில்பிரட் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்தார், சுற்றின ஒயரையே பிரித்து மறுபடி சுற்றினார். அடுத்த வாரம் செல்லோவுக்கு வேறு ஆள் வந்திருந்தான்.

நாலாவது பாட்டு தாலாட்டு. மொத்தப் பாட்டுக்கும் ஆறே சுரம்தான் வாசித்திருக்கிறார், நவநீதன் விரல்விட்டு எண்ணிச் சொன்னான், இந்த ஆறு சுரத்துக்கு நடுவுல இருக்கற மௌனத்தை யாராலும் வாசிக்க முடியாது சார் என்றான். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இது என்னுதுதான், இதில் தூங்கவில்லை, திருடவில்லை, முழிப்பாக இருந்து ஒவ்வொன்றையும் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தேன், இதை முதலாவதாகப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா இந்தப் பாவி. அவருக்குக் கண் கரித்தது. இப்போது அழுதால் தாலாட்டுக்கு அழுகிறார் என்று எழுதுவார்கள். படகுப் பாட்டு எடுத்த வருஷக் கிறிஸ்மஸுக்கு ஒரு பிளம் கேக் வாங்கிக்கொண்டு அயனாவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனார், சொல்லிவிடுவது என்றுதான் போனார். வாசலில் பாவாடை சட்டையில் இந்தப் பெண் நின்றிருந்தாள். அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். ‘கீழ எறங்கிட்டேன்னுதான் வில்பிரட் நெனைச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு, எறங்கினேன். ஆனா வெரல் எறங்கல பாரு. வாசிக்கிறது எனக்கே தெரியலைன்னா நான் எப்படிய்யா வாசிப்பேன். அதான் பயமா இருக்கு.’ வில்பிரட் கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். கேக்கை வெட்டினார்கள், தின்றார்கள். அடுத்த கிறிஸ்மஸுக்கும் போனார், கேக் வெட்டினார்கள், தின்றார்கள். அதற்குள் அண்ணன் சர்ச்சிலும் வாசிப்பதை விட்டிருந்தார், செல்லோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார், ஏதோ ஒரு ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்திருந்தார். வாத்தியம் இல்லாத வீட்டில் போய் உன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தப்பு செய்தவனுக்குத் தோன்றுகிற நியாயமெல்லாம் எப்போதும் ரொம்ப நியாயமாகவே இருக்கும். மூன்றாம் கிறிஸ்மஸுக்குப் போகவில்லை. சாவுக்குப் போனார், கும்பலோடு கும்பலாக நின்று மண் போட்டுவிட்டு வந்தார்.

ரேடியோவில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அண்ணன் அதை நிறுத்தாமல் கேட்டிருந்தால்? கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. இதே மேபல் டிரான்ஸிஸ்டர் மாதிரி ஒன்றுதான் அங்கேயும் இருந்தது. அடியில் கிடப்பது எதுவும் அதில் வராது. அதுதான் வில்பிரட்டைக் காப்பாற்றியது, இத்தனை வருஷமும் ஊரில் இருந்த மட்டமான ஸ்பீக்கர்கள்தான் காப்பாற்றின. இப்போது இந்த ஹாலில், ஆள் உயர ஸ்பீக்கரில், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிகிறது. எழுந்து ஒண்ணுக்குப் போகிறேன் என்று போய்விடலாமா என்று நினைத்தார். அது உண்மையும்கூட, அரை மணியாக அடக்கிக்கொண்டிருந்தார். போய், ஐந்து நிமிஷம் கழித்து வந்தால் பாட்டு முடிந்திருக்கும். ‘அடடா, அந்த எடம் போயிடுச்சாம்மா’ என்றால் தீர்ந்தது. எழுந்திருக்கலாம் என்று முழங்காலில் கையை ஊன்றினார். முழங்கால் மறுத்துவிட்டது. அல்லது அசதி. இந்த வயசில் ஓடி ஒளிவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. மறுபடி உட்கார்ந்தார், சால்வை ஒரு பக்கம் நழுவியது, அதை இழுத்துவிடவும் தோன்றவில்லை.

‘இப்ப முதலாவது’ என்றான் நவநீதன். அவன் குரலே மாறிவிட்டது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி பேசினான். ‘இந்தப் பாட்டை நான் காலேஜ்லருந்து ஆயிரம் தரம் கேட்டிருக்கேன். எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ வராண்டாவுல உக்காந்து இதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டாவது சரணத்துல பாருங்க, படகு கெளம்புது, எல்லாரும் கரையை விட்டு எறங்கிடறாங்க. சாரோட பேஸ் மட்டும் எறங்கல. ஒரே ஒரு பார், நாலே நாலு தட்டு, கரையிலயே நிக்குது. போக மனசு வரல. அப்புறம்தான் எறங்குது. இதை யாரும் எழுதிக் குடுத்திருக்க முடியாது. வாசிச்சவரோட மனசு அது. என்னைக் கேட்டா, தமிழ்ப் பாட்டுலயே ஒரு பேஸ் வாத்தியம் வாசிச்ச மிகச் சிறந்த நாலு தட்டு இதுதான்.’

மனசாவது மண்ணாங்கட்டியாவது. தூக்கம்டா அப்பா, வெறும் தூக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இத்தனை பேர் கைதட்டுகிறார்கள். ஆனால் அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்டிருக்கிறான். அதை என்ன செய்வது. பாட்டு தொடங்கியது. அந்த அம்மாவின் குரல் வந்ததும் ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்தில் ஹெப்சிபா கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பல்லவி போனது, முதல் இடையிசையில் வயலின்கள் போயின, அதற்குக் கீழே செல்லோ, அண்ணனின் செல்லோ, கம்பளிப் போர்வை மாதிரி கனமாக, கதகதப்பாக வந்தது. ‘இதானே அப்பா?’ என்று வாயசைத்தாள். அவர் தலையசைத்தார். அவள் தகப்பன் வாசித்து அவள் கேட்பது பத்து வயசுக்குப் பிறகு இதுதான் முதல் தரம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் துடைக்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது காட்டுவார் என்று. முதல் சரணம். இரண்டாவது இடையிசை. புல்லாங்குழல் நீண்டு நின்றது. இதோ. குரல் எழுந்தது, வயலின்கள் இறங்கின, செல்லோ இறங்கியது, ஒரு மாசு மரு இல்லாமல், பிசிறில்லாமல், சொன்ன இடத்தில் சொன்னபடி இறங்கியது. பேஸ் இறங்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அப்போதுதான் முழித்துக்கொண்டவன் மாதிரி இறங்கியது. எவ்வளவு அழகாக இருக்கிறது. சண்டாளன், எவ்வளவு அழகாக இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. விளக்கு அணையவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடும்போது அசையக்கூடாது, அது வழக்கம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழைய சாக்கு, பழைய ஆள்.

கடைசிப் பல்லவியும் தேய்ந்து முடிந்தது. யாரும் உடனே கைதட்டவில்லை. அந்த அமைதி அவருக்குத் தெரிந்த அமைதி, விளக்கு அணைந்ததும் அறுபது பேரும் மூச்சை விடுவதற்கு முன்னால் வருகிற அமைதி. ஹெப்சிபா அவர் பக்கம் சாய்ந்து, மெதுவாக, ‘எங்க அங்கிள்? வந்துடுச்சா?’ என்று கேட்டாள்.

கை மேலே போனது. அவர் தூக்கினாரா, அதுவாகப் போனதா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. தோள்மூட்டு ஒரு தரம் கறுக்கென்றது, சால்வை முழுசாக நழுவிக் கீழே விழுந்தது. ஹால் மொத்தமும் எழுந்து கைதட்டியது. ‘சார் கையசைக்கிறாரு’ என்று நவநீதன் மைக்கில் தழுதழுத்தான். வில்பிரட் அசைக்கவில்லை. தூக்கியிருந்தார்.

ஹெப்சிபா மட்டும் கைதட்டவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

‘என்னுதும்மா’ என்றார் வில்பிரட். ‘நான்தான் எறங்கல. தூங்கிட்டேன். அப்பா தன்னுதுன்னு நெனைச்சுக் கையைத் தூக்கிட்டாரு, நான் தூக்காம இருந்துட்டேன். அவரு சரியாத்தான் வாசிச்சாரு.’

கைதட்டல் ஓய்ந்தது. அவள் மடியிலிருந்த தாளை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

‘அப்ப அப்பா கைக்கு ஒண்ணும் ஆவலையா?’

‘ஒண்ணும் ஆவலம்மா.’

திட்டுவாள் என்று பார்த்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் எழுந்து நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஹாலுக்கு அந்தப் பக்கம் நின்ற நவநீதனைப் பார்த்து, ‘சார், அதை இன்னொரு தரம் போடுங்க’ என்றாள். ‘செல்லோ நல்லாக் கேக்கற மாதிரி போடுங்க.’

நவநீதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் போட்டான். அவள் நின்றபடியே கேட்டாள், இவர் பக்கம் திரும்பவில்லை. வில்பிரட்டின் கை இன்னும் மேலேயே இருந்தது. தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. சரி என்று தலையசைக்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை.